வெட்கத்துக்கு இரண்டு சொற்கள்

ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் தவறாமல் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ‘புது டீச்சரோடு பேச வெட்கமாக இருந்தது’ என்று எழுத நினைப்பார்கள். ‘ஷை’ என்று போடவேண்டிய இடத்தில் ‘அஷேம்ட்’ என்று போட்டுவிடுவார்கள். நான் சிவப்பு மையால் ஒரு சுழி சுழிப்பேன். உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “ரெண்டுக்கும் வெட்கம்னுதானே டீச்சர் போட்டிருக்குது?” என்பாள். அவள் சொல்வதும் சரிதான். எங்கள் பள்ளிக்கூடத்து அகராதி அப்படித்தான் போட்டிருந்தது. நாணத்துக்கும் கூச்சத்துக்கும் அவமானத்துக்கும் நாம் வாயில் வைத்திருக்கிற சொல் பெரும்பாலும் வெட்கம் ஒன்றுதான்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் தயாராக ஒரு விளக்கம் இருந்தது. “தப்பு செஞ்சிட்டு தலைகுனிஞ்சா அது அஷேம்ட். ஒரு தப்பும் செய்யாம தலைகுனிஞ்சா அது ஷை. போதுமா? உக்காரு.” வேலையில் இருந்த காலம் முழுக்க இதையே சொல்லிவந்தேன். சொல்லும்போதெல்லாம் இது பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு தப்பும் செய்யாமல் நான் கூனிக் குறுகிப்போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அதை முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் எடுத்துச் சொல்ல முடியுமா? அதனால் இலக்கணப் புத்தகம் மாதிரி பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் செஞ்சியில் இருந்தோம். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், மல்லாட்டை மண்டியில் ஏலம் கூறுகிறவர். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். பெரிய குரல் அவருக்கு. மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு கை மல்லாட்டையை அள்ளி, நாலு பேர் கண்ணுக்கு நேராக நீட்டி, “பாருய்யா, பருப்பைப் பாரு!” என்று அவர் கூவினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மண்டி முதலாளியிடம்கூடக் குனிந்து பேசமாட்டார். அப்படிப்பட்ட மனிதரை என் அக்காவின் கல்யாணம் பாதி உடைத்துப்போட்டிருந்தது.

அக்காவை வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் நிறைய. வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்வீட்டுக்காரிகள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “இதுவும் தட்டிப்போச்சா?” என்று குழாயடியில் கேட்பார்கள். இத்தனை பேர் பார்த்து வேண்டாமென்ற பெண்ணா என்ற பேச்சுக் கிளம்பிவிட்டது. கடைசியில் அக்காவை ரெண்டாந்தாரமாகத்தான் கொடுக்க முடிந்தது. மாப்பிள்ளைக்கு நைனா வயது. மாதா கோயிலில் சாமியார் மந்திரித்த தாலியை அவர் கட்டும்போது நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நைனாவும் அத்தையும் சேர்ந்து ஒரு முடிவு செய்தார்கள். அத்தை என்றால் நைனாவின் தங்கை, வல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள். சம்பந்தம் பேசுவதில் கெட்டிக்காரி. இனிமேல் யாரும் வீட்டுக்கு வந்து பெண் பார்க்க வேண்டாம். அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்த மாதிரி கோட்டைக்கு வரட்டும். நாமும் குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவோம். கோட்டைக்குள் இருக்கிற அந்தக்காலத்துக் கல்யாண மஹால் படியில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்திப்போம். யாரும் பெண் பார்க்க வந்ததாகச் சொல்லக்கூடாது. மாப்பிள்ளை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. பிடித்திருந்தால் பிறகு வீட்டுக்கு வந்து பேசட்டும். பிடிக்கவில்லையா, யாரும் யாரையும் பார்க்கவில்லை, தெருவுக்குத் தெரியவேண்டியதில்லை. பக்கத்து ஊர்களில் எங்களவர் சில பேர் இப்படிச் செய்வதுண்டு. கேட்டபோது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

எனக்கு வந்த இடம் பெங்களூரில் வேலை பார்க்கிற பையன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தான். கால்சட்டை, மூக்குக்கண்ணாடி, நன்றாக இங்கிலீஷ் பேசுவான், இங்கிலீஷ் தெரிந்த பெண்தான் வேண்டுமென்று சொல்கிறான் என்றாள் அத்தை. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடித்துவிடவேண்டும் என்று நைனா பரபரத்தார். இதுவும் தட்டிப்போனால் தங்கைக்கும் அக்கா கதிதான் என்று ஊர் முடிவுகட்டிவிடும். எனக்கும் அந்தப் பயம்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோட்டைக்குப் புறப்பட்டோம். அடையாளத்துக்கு எனக்கு அரக்குச் சேலை, தலையில் டிசம்பர் பூ. அம்மா புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, அதிரசம் எடுத்துவைத்திருந்தாள். அத்தை வல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டாரின் முகம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நாங்கள் போனபோது அத்தை வந்திருக்கவில்லை. ஆனால் கல்யாண மஹால் படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு அம்மாள். அவர்களுக்கு நடுவில் கால்சட்டை போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிய இளைஞன். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா என் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று நைனா தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது. மதில்மேலிருந்து இறங்கி, அந்த அம்மாளின் மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. “ஐயையோ, அதுதானே நம்ம சாப்பாடு!” என்று அவர் கத்த, நைனா கையைத் தட்டிக்கொண்டு குரங்கின் பின்னால் ஓடினார். திரும்பி வந்து, “அது போவுதும்மா. எங்ககிட்ட சோறு இருக்குது. எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்டலாம், வாங்க,” என்றார். அவர்கள் மறுத்து, பிறகு சம்மதித்தார்கள். தற்செயலாக நடப்பதுபோல் இவர்கள் எவ்வளவு அழகாக நடிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நைனா விதியை மீறவில்லை. சுற்றி வளைத்தார். “தம்பி பெங்களூர் பக்கமெல்லாம் போறதுண்டா?” என்று கேட்டார்.

“அடிக்கடி போவேன் சார். வேலையே அங்கேதான் பாதி நாள்,” என்றான் அவன்.

நைனா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த அம்மாளும் எல்லா அம்மாள்களும் கேட்பதைத்தான் கேட்டார்: எதுவரைக்கும் படித்திருக்கிறாய், புளிச்சோறு நீ கிளறினதா, தைக்கத் தெரியுமா. நான் முனகுகிற குரலில் பதில் சொன்னேன். அம்மா என்னைத் திருப்பி நிறுத்தி, பூ சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் என் பின்னலை எடுத்து முதுகில் நீளமாக விட்டாள். அவர்கள் பின்னலின் நீளத்தைப் பார்க்கவேண்டுமாம்.

அப்புறம் நைனாவுக்கு ஒரு யோசனை வந்தது. மஹாலுக்கு முன்னால் சர்க்கார் வைத்த நீலப் பலகை ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்துக்குச் சேதம் செய்தால் தண்டனை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். “இதுல இன்னா எழுதியிருக்குது, படிம்மா. சத்தமா படி. அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்,” என்றார்.

நான் பலகைக்கு முன்னால் போய் நின்று படித்தேன். அபராதம், சிறை, சட்டம் என்று நீளமான சொற்கள். முதல் வரியில் திக்கினேன். பிறகு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்து, கடைசி வரைக்கும் தப்பில்லாமல் படித்து முடித்தேன். அவன் கைதட்டினான். இங்கிலீஷிலேயே, “மிகவும் நன்றாகப் படித்தீர்கள்” என்றான். நைனா மண்டியில் நல்ல விலை படிந்ததுபோல் நிமிர்ந்து நின்றார். “தம்பிக்குப் பரிமாறும்மா,” என்றார்.

பரிமாறினேன். இலையில் சோறு வைக்கும்போது அவன் கையை நீட்டி, “போதும், போதும்” என்றான். நான் இன்னொரு கரண்டி வைத்தேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது இந்த வயதிலும் காது சுடுகிறது. அந்த அரைமணி நேரத்தில் நான் பெங்களூருக்குப் போய்விட்டேன். ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டேன். அவன் ஆபீசுக்குப் போனதும் நான் என்ன செய்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன். எல்லோரும் நம்மைப் பார்க்கிறார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம், இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்ற ஆசை ஒரு பக்கம். அதற்குப் பெயர்தான் ‘ஷை’. இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வருவதைப் பார்த்தேன். பஸ் வழியில் நின்றுபோனதால் தாமதமாம். மூச்சு வாங்க ஓட்டமும் நடையுமாக வந்தவள், எங்களிடம் வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த மூன்று பேரிடம் போனாள். ஒரு வயதான அம்மாள், ஒரு பெரியவர், கால்சட்டை போட்ட ஒருவன். அவனுக்கும் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவர்கள் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அத்தை அவர்களிடம் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் எங்கள் பக்கம் கையை நீட்டினார். அத்தை திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது.

“நைனா, அங்க அத்த,” என்றேன். நைனா எழுந்து போனார்.

அங்கே நடந்த பேச்சு எனக்குக் கேட்கவில்லை. பிறகு அத்தைதான் சொன்னாள். நைனா முதலில் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாராம். ஆள் தெரியாமல் நடந்துபோச்சு, அவங்க யாரோ எவரோ, நீங்கதான்னு நெனச்சிட்டோம் என்றாராம். அதற்கு அந்த வயதான அம்மாள், “நாங்க வந்து நேரமாவுது. சேலையைப் பாத்ததுமே பொண்ணு இதுதான்னு தெரிஞ்சிபோச்சி. எல்லாத்தையும் பாத்துட்டோம். பாட்டு மாதிரி படிச்சிக் காட்னா, பின்னலை எடுத்துக் காட்னீங்க, சிரிச்சிச் சிரிச்சிச் சோறு போட்டா. ஆள் தெரியாதவனுக்கே இப்டின்னா, யார் வந்து உக்காந்தாலும் இதே கதிதானா?” என்றாராம்.

நான் கண்டது வேறு. நைனா இரண்டு கையையும் கூப்பியதைக் கண்டேன். அவர்கள் எழுந்து நடந்தார்கள். நைனா கூப்பிய கையோடு பக்கவாட்டில் நடந்துகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பையன், உண்மையில் என்னைப் பார்ப்பதற்காக வந்தவன், ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. கோட்டை வாசல் வரைக்கும் அவர்கள் போக, நைனாவும் போனார். ஏலம் கூறுகிற குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. கேட்கவே இல்லை என்பதுதான் சரி.

இதற்குள் அத்தை வந்து அம்மாவின் காதில் சொல்லிவிட்டாள். அம்மா அதிரசத் தூக்கை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. எனக்கு முன்னால் ஒரு அந்நியன் புளிச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் என் பின்னலையும் படிப்பையும் சிரிப்பையும் அவன் முன்னால் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். அவனோ குரங்கு ரொட்டியைக் கொண்டுபோன கதையைத் பக்கத்திலிருந்த இன்னொரு அம்மாளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கேட்காததை நான் கொடுத்திருக்கிறேன், கேட்க வந்தவனுக்கு அது தெரிந்துவிட்டது. உடுத்தியிருந்த சேலையைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு ஓடவேண்டும்போல் இருந்தது. என்ன தப்பு செய்தேன்? சொன்ன இடத்தில் நின்றேன், சொன்னதைப் படித்தேன், சொன்னவனுக்குப் பரிமாறினேன். சிரித்தது மட்டும் யாரும் சொல்லாமல் செய்தது.

நைனா திரும்பி வந்தார். இங்கேதான் எல்லாம் வெடிக்கப்போகிறது, எதிரில் உட்கார்ந்திருந்தவர்களை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யாரு சார், தெரிஞ்சவங்களா?” என்று கேட்டான் அந்த இளைஞன்.

“ஆமா தம்பி. ஊர்க்காரங்க. அவசரமா போறாங்களாம்,” என்றார் நைனா. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “தம்பி இலையில முட்ட இல்ல பாரு. வையிம்மா,” என்றார்.

பாதிச் சாப்பாட்டில் விருந்தாளியை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இவர்களுக்கு விஷயம் தெரியவும் கூடாது. நான் முட்டையை எடுத்தேன். அது கைநழுவி உருண்டு இலைக்கு வெளியே விழுந்தது. இன்னொன்று வைத்தேன். தலை குனிந்தபடியே இருந்தேன். கண்ணிலிருந்து வந்தது சோற்றுப் பாத்திரத்தில் விழுந்துவிடக்கூடாதே என்று பாத்திரத்தைத் தள்ளிவைத்தேன். ரொட்டியைப் பறிகொடுத்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “பாவம், கிராமத்துப் பொண்ணு, எவ்வளவு வெக்கம் பாரு,” என்றார்.

அவர்கள் கை கழுவி எழுந்தார்கள். உபசாரத்துக்கு நன்றி சொன்னார்கள். சென்னைக்கு வந்தால் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றார்கள். புறப்படும்போது அந்த அம்மாள் என் முகவாயைத் தொட்டு, நைனாவிடம், “லட்சணமா இருக்கா. மாப்பிள்ளை பாத்தாச்சா?” என்று கேட்டார்.

“பாத்துக்கிட்டுதான் இருக்குறோம்மா. அவசரம் இல்ல,” என்றார் நைனா. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தெருவுக்குத் தெரியக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தோம்? அடுத்த ஞாயிறு பூசைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கோட்டையில் எவனுக்கோ சோறு போட்ட பெண் என்று குழாயடியில் பெயர் வைத்துவிட்டார்கள். பேசவந்த வேறொரு இடமும் வாசலோடு நின்றுபோனது. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நைனா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவைக் கூப்பிட்டார். நான் கூடத்துக்கு வந்தால் வாசலுக்குப் போவார், வாசலுக்கு வந்தால் கொல்லைக்குப் போவார். நான் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார், அதனால்தான் என்று நினைத்தேன். பெற்றவன் கண்ணெதிரில் எவனோ ஒருவனைப் பார்த்துப் பல்லைக் காட்டிய பெண்ணுடன் எந்த அப்பா பேசுவார்? நானும் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தேன்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம். நைனா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாங்கமுடியாமல், “நைனாவுக்கு எம்மேல இன்னும் கோவம் போவலியாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள். “கோவமா? உம்மேல இன்னாத்துக்குக் கோவம்? பெத்த பொண்ண மல்லாட்டைய அள்ளிக் காட்ற மாதிரி எவனோ ஒருத்தனுக்கு எடுத்துக் காட்டிட்டேனேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சிபோறாரு. உம்மூஞ்சில முழிக்க அவருக்கு வெக்கமா இருக்குதுடி.”

நான் எழுந்து கூடத்துக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். “நைனா” என்று கூப்பிட்டேன். அவர் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.